விளையாட்டுக் கதாபாத்திரங்களை இயல்பாக நடமாட வைப்பது எப்படி: ஒரு மாட்டுச் சந்தையை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

ஊர்ப்புறக் காட்சி ஒன்றைக் கணினி விளையாட்டுக்குள் எழுப்பும்போது மரம், ஓட்டு வீடு, மண் சாலை, வெயில் எல்லாம் இன்று எளிதாக அமைந்துவிடுகின்றன. ஸ்கிரிப்ட் (விளையாட்டுக்குள் எழுதும் சிறு நிரல்) நடத்தும் ஆட்கள் அந்தச் சாலையில் இறங்கியதும்தான் காட்சி கெடுகிறது. நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளம்புகிறார்கள், மூலை வந்ததும் தொண்ணூறு டிகிரிக்கு வெட்டித் திரும்புகிறார்கள், இலக்கைத் தொட்ட கணத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுகிறார்கள். இதைச் சரிசெய்யப் பலரும் முதலில் கையிலெடுப்பது ரேண்டம் (தற்செயல்) எண்களை. வேகத்திலும் திசையிலும் கொஞ்சம் தூவிவிட்டால் இயல்பு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அதனால் ஆட்கள் தள்ளாடுவார்களே தவிர, மனிதர்களாகத் தெரிய மாட்டார்கள்.

மனித நடையை அடையாளம் காண்பதில் நம் கண் மிகவும் கூர்மையானது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் பொருத்திய ஆட்களை இருட்டில் நடக்கவிட்டுப் படம்பிடித்துக் காட்டினார். உடலோ முகமோ தெரியாத நிலையிலும், பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் அசைவைக் கொண்டே பார்த்தவர்கள் அதை மனித நடை என்று உடனே கண்டுகொண்டார்கள். இவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் கண்ணைத் திருப்திப்படுத்த வேண்டுமானால், நகர்வுக்கு ஒரு காரணமும், நகரும் உடலுக்கு எடையும், அந்த ஆளுக்குக் கவனமும் இருக்க வேண்டும். ரேண்டம் எண்ணுக்கு இவை மூன்றுக்கும் பிறகுதான் இடம். இந்த வழிகாட்டியின் படிகளும் அதே வரிசையில்தான் செல்கின்றன.

எடுத்துக்காட்டுக்குப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் போன்ற ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். விவசாயிகள், தரகர்கள், மாடுகள், வண்டிகள், டீக்கடை என்று வெவ்வேறு வேகமும் வெவ்வேறு நோக்கமும் கொண்டவர்கள் ஒரே திடலில் கலக்கும் இடம் என்பதால், நடமாட்டத்தில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு காட்சியிலேயே வந்துவிடும்.

1. காரணத்தை முதலில் எழுதுங்கள்

ஸ்கிரிப்டைத் திறப்பதற்கு முன், செவ்வாயோ வியாழனோ சந்தை கூடும் நாளில் ஒருமுறை நேரில் போய், ஒரே ஆளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். காளை வாங்க வந்த ஒருவர் நேராக மாட்டிடம் போவதில்லை. முதலில் பத்தடி தள்ளி நின்று உருவத்தைப் பார்க்கிறார். பிறகு பக்கவாட்டில் நடந்து விலாவையும் திமிலையும் பார்க்கிறார். நெருங்கி வந்து முதுகில் கைவைத்துச் சுழி பார்க்கிறார். வாயைப் பிளந்து பல் பார்க்கிறார். அதன் பின் விலகி நின்று, "கொஞ்சம் நடத்திக் காட்டுங்க" என்கிறார். மாடு நடக்கும்போது அவர் பார்வை அதன் கால்களில் இருக்கிறது. இந்த ஐந்தாறு அசைவுகளுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஒவ்வொன்றும் நிற்கும் தூரத்தையும் பார்க்கும் திசையையும் தானாகவே தீர்மானித்துவிடுகிறது.

இதை அப்படியே ஸ்டேட் மெஷினாக, அதாவது ஒரு நேரத்தில் ஒரு நிலையில் இருந்து அடுத்த நிலைக்கு மாறும் நிரலாக மாற்றலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு அவசரம், எப்போது முடிகிறது, இடையில் யாராவது கூப்பிட்டால் கைவிடலாமா. பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் முதல் விவரம் மட்டுமே இருப்பதால்தான் ஆள் போய்ச் சேர்ந்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "எதைப் பார்க்க வேண்டும்" என்ற ஒரு மாறியைச் சேர்த்தாலே காட்சி பாதி உயிர் பெற்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசி விவரமும் முக்கியமானது. பல் பார்த்துக்கொண்டிருப்பவரை "ஏனுங்ணா" என்று யாராவது அழைத்தால், அவர் தலையை மட்டும் திருப்பிப் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதற்கு நிலைகளை ஓர் அடுக்காக வைத்து, இடையீடு முடிந்ததும் மேலே இருப்பதை எடுத்துவிட்டுப் பழையதற்குத் திரும்பும்படி எழுத வேண்டும்.

2. வேகத்துக்கு எடை கொடுங்கள்

பெரியவர்கள் சாதாரணமாக நடக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 1.3 முதல் 1.4 மீட்டர். எல்லாருக்கும் இதே எண்ணைக் கொடுத்தால் திடல் முழுவதும் அணிவகுப்பாகிவிடும். கதாபாத்திரம் உருவாகும் கணத்தில் ஒரே ஒருமுறை, சராசரி 1.35, திட்ட விலக்கம் 0.15 என்ற இயல்நிலைப் பரவலிலிருந்து (பெரும்பாலான மதிப்புகள் சராசரியை ஒட்டியே அமையும் பரவல்) ஒரு வேகத்தை எடுத்து, 1.0-க்கும் 1.7-க்கும் இடையில் கட்டுப்படுத்தி, அதை அவருடைய சொந்த வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) புதிதாக எடுத்தால் அது நடுக்கமாகத்தான் தெரியும். விளையாட்டை இயக்கும் என்ஜின் மென்பொருளில் சீரான (எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்புள்ள) ரேண்டம் எண் மட்டுமே கிடைக்குமானால், 1958-ல் பாக்ஸ், முல்லர் இருவரும் கொடுத்த முறையைக் கொண்டு அதை இயல்நிலைப் பரவலாக மாற்றிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது வேகம் படிப்படியாக ஏற வேண்டும். அதற்கு இந்த ஒரு வரி போதும்:

வேகம் = வேகம் + (விரும்பும்வேகம் − வேகம்) × (1 − எக்ஸ்ப்(−கூர்மை × ஃபிரேம்நேரம்))

எக்ஸ்ப் என்பது அடுக்குச் சார்பு; வேகம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதற்கான எண் கூர்மை. கூர்மை 3 என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடியில் வேகம் 63 விழுக்காட்டையும், ஒரு நொடியில் 95 விழுக்காட்டையும் எட்டும். இரண்டு மூன்று அடி எடுத்துவைப்பதற்குள் நடை சீராவதற்கு இது பொருந்துகிறது. வேறுபாட்டை ஒரு நிலையான எண்ணால் நேரடியாகப் பெருக்கும் எளிய வடிவத்தைப் பயன்படுத்த வேண்டாம். 30 ஃபிரேம் ஓடும் பழைய கைப்பேசியிலும் 144 ஃபிரேம் ஓடும் கணினியிலும் அது வெவ்வேறு நடையைத் தரும். கோடோ என்ற என்ஜினில் இயற்பியல் சுற்று (ஃபிரேம் வீதத்தைச் சாராமல் சீரான இடைவெளியில் ஓடும் கணக்கு) இயல்பாக நொடிக்கு 60 முறையும், யூனிட்டி என்ற என்ஜினில் 50 முறையும் ஓடும். நகர்வைக் கணக்கிடும் வரிகளை அந்தச் சுற்றில் வைத்தால் இந்தத் தொல்லை மேலும் குறையும்.

நிற்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும், ஏனென்றால் மனிதர்கள் இலக்கைத் தொட்ட பிறகு வேகம் குறைப்பதில்லை, தொடுவதற்கு முன்பே குறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மீதமுள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, அதை விரும்பும் தளர்வு வீதத்தாலும் (ஒரு நொடியில் வேகம் எவ்வளவு குறைகிறது என்பது) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால், அந்த இடத்தில் இருக்கத்தக்க உச்ச வேகம் கிடைக்கும். தளர்வு வீதம் 1 என்று வைத்தால், 1.4 மீட்டர் வேகத்தில் வருபவர் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு முன்னிருந்தே நடையைத் தளர்த்துவார். டீக்கடை பெஞ்சை நோக்கி வருபவருக்கு இது சரியாக இருக்கும். அவிழ்த்துக்கொண்டு ஓடும் கன்றைப் பிடிக்கப் போகிறவருக்குத் தளர்வு வீதத்தை மூன்று மடங்காக்குங்கள். அவசரம் எப்படிப்பட்டது என்பதை நிற்கும் விதமே காட்டிவிடும்.

3. கால் வழுக்கலை இப்போதே தீருங்கள்

வேகம் மாறத் தொடங்கியதும் பாதம் தரையில் சறுக்குவது வெளிப்படையாகத் தெரியும். அடி நீளத்தை நொடிக்கு எத்தனை அடி என்பதால் பெருக்கினால் வருவதுதான் வேகம், 0.7 மீட்டர் அடியை நொடிக்கு இரண்டு வைத்தால் 1.4. நடை அனிமேஷன் எந்த வேகத்துக்காக வரையப்பட்டது என்று அளந்து, நடப்பு வேகத்தை அதனால் வகுத்து வரும் எண்ணை அனிமேஷன் ஓடும் விகிதமாகக் கொடுங்கள். அந்த எண் 0.8-க்குக் கீழோ 1.2-க்கு மேலோ போனால், விகிதத்தை இழுப்பதை விட்டுவிட்டு மெதுநடை, வேகநடை அனிமேஷன்களைக் கலக்க வேண்டும்.

4. குறுகிய வழி எப்போதும் மனித வழியாகாது

வழி தேடுவதற்குப் பெரும்பாலான என்ஜின்களின் அடியில் இருப்பது, 1968-ல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் வெளியிட்ட ஏ-ஸ்டார் முறைதான். அது மிகக் குறைந்த செலவுள்ள வழியைக் கண்டுபிடித்துத் தரும். செலவு என்பதைத் தூரம் என்று மட்டுமே நாம் சொல்லிக்கொடுத்தால், அது மாட்டின் பின்னங்காலை உரசிக்கொண்டு போகும் வழியைத் தரும். மாடு பழகிய எவரும் அப்படி நடப்பதில்லை, உதைக்கு எட்டாத தொலைவில் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். எனவே ஒவ்வொரு மாட்டுக்கும் பின்னால் இரண்டு மீட்டர் அளவில் ஓர் அரைவட்டத்தை வரைந்து அதற்குச் செலவை நான்கு மடங்காக்குங்கள். சேறு, சாணி, கட்டுத்தறிக் கயிறு குறுக்கே போகும் இடம் ஆகியவற்றுக்கும் அவ்வாறே கூட்டலாம். நண்பகல் காட்சியானால் புளியமர நிழலுக்குச் செலவைக் குறைத்துவிடுங்கள். ஆட்கள் தாமாக நிழல் ஓரமாக வளைந்து நடப்பதைத் திரையில் காணும்போது, வெயிலின் கடுமையை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது என்பது புரியும்.

கிடைத்த வழி உடைந்த கோடுகளாக இருக்கும். நேவ்மெஷில் (நடக்கத்தக்க தரையைக் குறிக்கும் வலையமைப்பில்) நூல் பிடித்து இழுக்கும் முறை அதை நேராக்கிவிடும், ஆனால் எல்லாரையும் மூலையின் ஒரே புள்ளியை ஒட்டிப் போகச் செய்துவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் மூலையிலிருந்து 0.4 முதல் 1.2 மீட்டர் வரை ஒரு தனி விலகலைப் பிறப்பிலேயே கொடுத்துவிட்டால், பத்துப் பேர் போனாலும் பத்துத் தடங்கள் உண்டாகும்.

வளைவில் வேகம் குறைய வேண்டும். மனிதக் கையின் அசைவை ஆராய்ந்த லாக்குவானிட்டி, டெர்சுவோலோ, விவியானி ஆகியோர் 1983-ல் வெளியிட்ட விதியின்படி, வேகம் வளைவின் ஆரத்தின் கனமூலத்துக்கு விகிதமாக அமைகிறது. நடக்கும் பாதைகளுக்கும் அதை நல்ல தொடக்கக் கணக்காகக் கொள்ளலாம். எட்டு மீட்டர் ஆர வளைவில் 1.4 வேகத்தில் வருபவர், ஒரு மீட்டர் ஆர வளைவில் 0.7-க்கு இறங்குவார். ஒரு மீட்டர் முன்னால் உள்ள வளைவைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடுங்கள். கால் வளைவில் பதிந்த பிறகு கணக்குப் போட்டால் தாமதமாகிவிடும்.

5. கண், தலை, தோள், கால்

திரும்பும்போது முழு உடலையும் ஒரே அச்சில் சுழற்றுவது மிகப் பரவலான குறை. உண்மையில் கண் முதலில் திரும்புகிறது, தலை அதைத் தொடர்கிறது, பிறகு தோள், கடைசியில் கால். நால்வகைத் திசையையும் தனி மாறிகளாக வைத்து, மேலே சொன்ன அதே சமன்பாட்டை வெவ்வேறு கூர்மையுடன் பயன்படுத்துங்கள். தலைக்கு 10, தோளுக்கு 6, காலுக்கு 4 என்று தொடங்கிப் பார்த்து, உங்கள் உருவ அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கண்ணுக்கு இந்தச் சமன்பாடே வேண்டாம், ஓரிரு ஃபிரேமில் தாவட்டும். தலை, தோளைவிட 70 டிகிரிக்கு மேல் விலகினால் கால் திரும்பித்தான் ஆக வேண்டும் என்ற வரம்பையும் சேர்த்துவிடுங்கள். நின்ற இடத்தில் பெரிய கோணத்துக்குத் திரும்பும்போது இரண்டு மூன்று சிற்றடிகள் வைக்கும் அனிமேஷன் இல்லையென்றால், அதை வரைய நேரம் ஒதுக்குங்கள்; அந்த உழைப்பு வீண்போகாது.

எதிர்வினைக்கும் தாமதம் வேண்டும். கண்ணில் பட்டதற்கு உடல் எளிய முறையில் எதிர்வினை காட்டவே கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் நீளும். காளை ஒன்று மிரண்டு துள்ளும் நிகழ்வை எல்லா ஆட்களுக்கும் ஒரே ஃபிரேமில் அறிவித்து, எல்லாரும் அதே ஃபிரேமில் விலகினால், அது கயிற்றுப் பொம்மைகளின் கூட்டமாகிவிடும். அருகில், அதைப் பார்த்தபடி நிற்பவருக்கு 0.25 நொடி, பக்கவாட்டில் இருப்பவருக்கு 0.5, முதுகைக் காட்டி நிற்பவருக்கு மற்றவர்களின் சலசலப்பு எட்டிய பிறகு என்று பிரித்துக் கொடுங்கள். பயம் திடல் முழுவதும் அலையாகப் பரவும்.

6. அடுத்தவர் மேல் இடிக்காமல்

கூட்டத்தின் நடமாட்டத்தில் அடிப்படையான பணியைச் செய்தவர் கிரெய்க் ரெனால்ட்ஸ். 1987-ல் அவர் வெளியிட்ட பறவைக் கூட்ட மாதிரி, விலகல், திசையொற்றுமை, ஒன்றுசேர்தல் என்ற மூன்றே விதிகளில் அமைந்தது. 1999-ல் தனி ஆட்களுக்கான வழிநடத்தல் முறைகளையும் தொகுத்துத் தந்தார். பாதசாரிகளுக்கு ஹெல்பிங், மோல்னார் இருவரும் 1995-ல் கொடுத்த சமூக விசை மாதிரியும் உண்டு. சந்தைக் காட்சிக்கு விலகல் விசையும், எதிரே வருபவர் எங்கே இருப்பார் என்று ஒன்று இரண்டு நொடி முன்னோக்கிக் கணிப்பதும் போதும்.

இதில் எல்லாரும் சந்திக்கும் ஒரு கோளாறு உண்டு. எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி, அங்கேயே ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பக்கத்தைத் தேர்ந்துவிட்டால் குறைந்தது முக்கால் நொடிக்கு அதை மாற்றக் கூடாது என்று கட்டாயமாக்குங்கள். யார் ஒதுங்குவது என்பதற்கும் முறை வையுங்கள்: மாட்டைப் பிடித்து வருபவருக்கும் தலையில் சுமையுள்ளவருக்கும் மற்றவர்கள் வழிவிட வேண்டும்.

தூரத்தை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். அறிமுகமில்லாத இருவர் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கலாம். ஆனால் தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கைகோத்து விரல்களால் விலை பேசும்போது தோளோடு தோள் நெருங்கி நிற்பார்கள். முகம் ஒருவரையொருவர் பார்க்காமல் மாட்டையோ தரையையோ பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அவ்விருவருக்கிடையே விலகல் விசையைச் சுழியமாக்கி, வெளியாருக்கு மட்டும் இரட்டிப்பாக்குங்கள். விலை படியவில்லை என்றால் ஒருவர் கையை உதறி இரண்டடி போய்த் திரும்பி நிற்பார், தரகர் பின்னாலேயே போய்த் தோளைத் தொடுவார். இந்த ஒரு சிறு நாடகத்தைச் சரியாக எழுதிவிட்டால், சந்தைக் காட்சியின் நடுப்பகுதி தானாக நிரம்பிவிடும்.

இதே ஸ்கிரிப்டைத் திருப்பூர் பனியன் கம்பெனி வேலை முடிந்து கேட்டைத் திறக்கும் காட்சிக்கும் கொண்டுபோகலாம். குறுகிய கேட்டில் எல்லாரும் ஒரே புள்ளியை இலக்காகக் கொண்டால் வளைவாக நெரிந்து அடைத்துக்கொள்வார்கள். கேட்டின் அகலம் முழுவதையும் இலக்காகக் கொடுத்து, முன்னால் இருப்பவரின் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தால் கூட்டம் சீராக வழியும்.

7. மாடும் வண்டியும்

காங்கேயம் காளையை மனிதர்களுக்கு எழுதிய ஸ்கிரிப்டில் ஓட்டாதீர்கள். மாட்டின் நடை நான்கு தட்டுகள் கொண்டது: பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது. பின்னங்கால் ஏறத்தாழ முன்னங்கால் பதிந்த தடத்திலேயே வந்து விழும். நின்ற இடத்தில் அது சுழலாது. உடலின் நீளத்துக்கேற்ற ஒரு சிறும வளைவு ஆரத்தை வைத்து, முன்னங்கால் முதலில் திரும்ப, பின்பகுதி தொடரும்படி எழுதுங்கள்.

பிடிகயிறு தூரக் கட்டுப்பாடாகவே அமையட்டும். மூக்கணாங்கயிற்றுக்கும் ஆளின் கைக்கும் இடையில் உள்ள தூரம் கயிற்றின் நீளத்துக்குள் இருக்கும்வரை மாடு தன் போக்கில் நிற்கலாம். கயிறு விறைத்த பிறகு அரை நொடி கழித்தே மாடு அடியெடுத்து வைக்க வேண்டும், அந்த அரை நொடியில் ஆளின் வேகம் குறைந்து அவர் உடல் சற்று முன்னால் சாய வேண்டும். எடை யாரிடம் இருக்கிறது என்பது அந்தச் சாய்வில் தெரியும்.

மாட்டு வண்டிக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே கணக்கு: நுகத்தடி புதிய இடத்துக்குப் போன பிறகு, அச்சிலிருந்து நுகத்தடிக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் நுகத்தடியிலிருந்து வண்டியின் நீளம் தள்ளி அச்சை வைத்துவிடுங்கள். வளைவில் சக்கரம் உட்புறமாக வெட்டிக்கொண்டு வருவது தானாகவே நிகழும்.

8. ஓய்வும், கடைசியாக ரேண்டமும்

நிற்கும் நேரங்களைச் சீரான பரவலில் எடுக்க வேண்டாம். உண்மையில் பெரும்பாலான நிறுத்தங்கள் குறுகியவை, சில மட்டும் மிக நீண்டவை. இயல்நிலைப் பரவலில் ஓர் எண்ணை எடுத்து அதை எக்ஸ்ப் சார்பில் போட்டால் அந்த வடிவம் கிடைக்கும். காட்சி தொடங்கும்போது ஒவ்வொரு ஆளும் தன் வேலையின் வெவ்வேறு கட்டத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது ரேண்டம் அசைவுக்கு வரலாம். ஃபிரேமுக்கு ஃபிரேம் தொடர்பில்லாத எண்ணைத் தவிர்த்து, கென் பெர்லின் 1985-ல் வெளியிட்ட இரைச்சல் சார்பைப் பயன்படுத்துங்கள். அதில் அடுத்தடுத்த மதிப்புகள் வழுக்கிக்கொண்டு மாறும். வேகத்தில் நான்கைந்து விழுக்காடு, திசையில் இரண்டு மூன்று டிகிரி, மாறும் காலம் இரண்டு மூன்று நொடி. இதற்கு மேல் தேவைப்படுவதாகத் தோன்றினால், குறை முந்தைய படிகளில் எங்கோ இருக்கிறது என்று கொண்டு அங்கே போய்த் தேடுங்கள்.

9. சோதிக்கும் முறை

ரேண்டம் விதை எண்ணை (ரேண்டம் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) நிலையாக வைத்துக்கொண்டால், ஒரு தவறு மறுபடியும் அதே இடத்தில் வரும், திருத்த முடியும். ஆட்களின் உருவத்தை மறைத்துவிட்டு வெறும் உருளைகளாக நடமாடவிட்டுப் பாருங்கள். யார் வாங்க வந்தவர், யார் தரகர், யார் டீ கொண்டுபோகும் பையன் என்று உருளைகளை வைத்தே சொல்ல முடிந்தால் நடமாட்டம் சரியாக இருக்கிறது. ஒவ்வொருவரும் கடந்த ஒரு நிமிடத்தில் நடந்த தடத்தைத் தரையில் கோடாக வரைந்து பார்ப்பதும் பயனுள்ளது. ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடுகளும் கூர்மையான முனைகளும் குறையைக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஃபிரேம் வீதத்தை 30-க்கு இறக்கி அதே விதை எண்ணில் ஓட்டிப் பாருங்கள்.

நூறு ஆட்களுக்கு இத்தனை கணக்கும் கைப்பேசியில் தாங்காது. கேமராவுக்குப் பதினைந்து மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முழுக் கணக்கையும், அதற்கு அப்பால் நாற்பது மீட்டர் வரை நொடிக்குப் பத்து முறை முடிவெடுத்தலையும், அதற்கும் அப்பால் நொடிக்கு இரண்டு முறையையும் வைத்து, இடைப்பட்ட ஃபிரேம்களில் இடத்தை மட்டும் சீராக நகர்த்துங்கள். தூரத்தில் கண் அசைவையும் தோள் திருப்பத்தையும் நிறுத்திவிடலாம், ஆனால் வேக ஏற்றத்தையும் தளர்வையும் எந்தத் தூரத்திலும் நிறுத்த வேண்டாம், ஏனென்றால் திடலின் மறுகோடியில் சிறு புள்ளியாகத் தெரிபவரிடமும் பார்வையில் படுவது அதுதான். ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் எல்லையில் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, உள்ளே வரும்போது ஓர் எல்லையும் வெளியே போகும்போது வேறோர் எல்லையும் வைத்தால், எல்லையில் நிற்பவர் முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருக்க மாட்டார்.